நான்காம் அத்தியாயம் வரை மட்டும்

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி மையத்தில் சேர்ந்து படிக்கிறவர்களுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. சேர்ந்துவிட்டு ஒரு நாள்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காவிட்டாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து தானாகப் படிக்கிறேன் என்று விண்ணப்பத்தில் டிக் அடித்தவனுக்குத்தான் பிடித்தது சனி. அவனைக் கவனித்துக்கொள்ள 'சுயபடிப்பு மேற்பார்வைப் பிரிவு' என்று ஒன்று இருக்கிறது. தேர்வு அலுவலகத்தில் மூன்றாவது மாடி, பதினான்கு பேர். யாருடைய உதவியும் இல்லாமல் படிக்கிறவன் யாருடைய உதவியும் இல்லாமல் ஒழுங்காகப் படிக்கிறானா என்று பார்ப்பது அவர்கள் வேலை. அவன் தன் படிப்புத் திட்டத்தை மூன்று பிரதிகள் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வரும்வரை புத்தகத்தைத் திறக்கக் கூடாது.

எனக்கு நாற்பத்து நான்கு வயது. நாற்பத்தைந்து முடிந்தால் தேர்வு எழுத முடியாது. எனக்கு இந்த ஒரு தடவைதான், இதை விட்டால் அவ்வளவுதான்.

பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருக்கிறேன். கண்ணாடியில் வெட்டிய ஓட்டை வழியாக வண்டி எண்ணைக் கேட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பதிவேட்டில் நேரம் எழுதுகிற வேலை. பதினோரு வருடத்துக்கு முன்னால், கிளம்பாத வண்டியைக் கிளம்பியதாக எழுதிவிட்டேன் என்று என் மேல் விசாரணை வந்தது. வண்டி கிளம்பியதை நான் கண்ணால் பார்த்தேன். கேட்டைத் தாண்டியதும் அது படுத்துக்கொண்டால் அதற்கு நானா பொறுப்பு? விசாரணை அதிகாரி, "உங்க சார்பா பேச யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு காலி நாற்காலி இருந்தது. அன்று என் பதவி உயர்வு போயிற்று. அது போனதுகூடப் பெரிதில்லை, அந்த நாற்காலி இன்றுவரை என் கண்ணை விட்டுப் போகவில்லை. என்றைக்காவது சட்டம் படித்து, அப்படி ஒரு நாற்காலியில் யாருக்காகவாவது போய் உட்கார வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

திட்டம் போடுவது என்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன். இருபது வருடமாக ஒரு நாளைக்கு முந்நூறு வண்டிக்கு நேரம் பார்க்கிறவன் நான். டிப்போவில் எழுதுகிற மாதிரியே கோடு போட்டு எழுதினேன். புறப்பாடு: மதியம் 2.30, முதல் அத்தியாயம். சேருமிடம்: 5.30. அடுத்த நிரலில் எங்கள் வழக்கப்படி 'தாமதம்' என்று தலைப்பிட்டு, நாளொன்றுக்கு இருபது நிமிடம் ஒதுக்கினேன். ஞாயிற்றுக்கிழமையை மாற்று வண்டியாக நிறுத்தினேன். வார நாளில் எது பழுதானாலும் அது போய் இழுத்துக்கொண்டு வரும். தாமத நிரல் இல்லாத அட்டவணையை டிப்போவில் சின்னப் பிள்ளைகூட நம்பாது.

பிரிவின் கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். ரப்பர் ஸ்டாம்பில் மை இருக்கிறதா என்று உள்ளங்கையில் குத்திப் பார்க்கும் பழக்கம் அவருக்கு. அதனால் கை எப்போதும் ஊதா நிறத்தில் இருக்கும்.

"தாமதமாகும்னு முன்னாடியே தெரிஞ்சா அது எப்படி சார் தாமதம்?" என்றார்.

நான் பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். வழியில் மழை வரும், டயர் போகும், கூட்டம் ஏறும் என்றேன். படிப்பில் யார் ஏறப் போகிறார்கள் என்று கேட்டார். தாமதத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் அடித்து எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். எடுத்துக்கொண்டு போனேன். கையெழுத்து கோட்டுக்கு மேலே இருக்கிறது என்று ஒரு தடவை, கீழே இருக்கிறது என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். தேர்வுக்கு நூற்று இருபது நாள் இருந்தபோது கொடுத்த திட்டம் எண்பத்து ஒன்பது நாள் மிச்சமிருக்கும்போது கைக்கு வந்தது. முப்பத்தொரு நாள் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சரி, போனது போகட்டும் என்று படிக்க உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் குளியலறைக் குழாய் பிடுங்கிக்கொண்டு வீடெல்லாம் தண்ணீர். அதை அடைத்துவிட்டு வந்து உட்காரும்போது மணி 2.55. திட்டத்திலிருந்து விலகினால் 'விலகல் அறிக்கை' கொடுக்க வேண்டும். நான்கு பக்கம். விலகலின் தன்மை, விலகலின் காரணம், அந்தக் காரணத்துக்குக் காரணம், இனிமேல் குழாய் உடையாமலிருக்க எடுத்த நடவடிக்கை. எழுதி முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடம் படிக்கவில்லை, ஆகவே அது இன்னொரு விலகல். அதற்கு ஓர் அறிக்கை. அதை எழுத நாற்பது நிமிடம். நாலு நாளில் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

மூன்று மாடி ஏறிப் போய்ச் சொன்னேன். கண்காணிப்பாளர் பொறுமையாகக் கேட்டார், அதைச் சொல்ல வேண்டும். இந்தச் சிக்கல் எல்லோருக்கும் வருவதுதான் என்றும், அறிக்கை எழுதும் நேரத்தையும் திட்டத்திலேயே சேர்த்துவிட்டால் விலகல் வராது என்றும் வழி சொன்னார். அப்படியே திருத்தினேன். மூன்று மணி நேரத்தில் ஒரு மணி ஐம்பது நிமிடம் அறிக்கைக்குப் போயிற்று. மிச்ச நேரத்துக்கு நான்கு அத்தியாயம்தான் கொள்ளும். தேர்வுக்குப் பன்னிரண்டு அத்தியாயம்.

"அப்ப மீதி எட்டு?" என்று கேட்டேன்.

"அது தேர்வுப் பிரிவு சார். நாங்க திட்டப் பிரிவு."

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் புலம்பினேன். அவள் கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். நாள் முழுக்க மனிதர்களிடம் 'உட்காருங்க, கூப்பிடுவோம்' என்று சொல்லிச் சொல்லி, எதற்கும் அசராத ஆளாகிவிட்டாள். "அவங்களுக்குக் காட்ட ஒரு படிப்பு படிங்க, உங்களுக்கு ஒரு படிப்பு படிங்க" என்றாள்.

அன்றிலிருந்து திருட்டுத்தனமாகப் படித்தேன். காலை ஐந்து மணி ஷிப்டில், ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில், ட்ரிப் ஷீட்டுக்கு அடியில் புத்தகத்தை வைத்துப் படித்தேன். யாராவது ஓட்டையில் தலையை நீட்டினால் மூடிவிடுவேன். பிள்ளைப் பருவத்தில் பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகம் வைத்திருந்தேன். இந்த வயதில் வேலைக்குள் பாடப் புத்தகம். ஆனால் ஒன்று சொல்கிறேன், திருடிப் படித்தது மண்டையில் ஏறின மாதிரி எதுவும் ஏறவில்லை. திட்டப்படி மூன்றாம் அத்தியாயத்தில் இருந்தபோது உண்மையில் ஒன்பதை முடித்திருந்தேன்.

அப்போதுதான் கண்காணிப்பாளர் வீட்டுக்குச் சோதனைக்கு வந்தார். இரண்டரைக்கு வர வேண்டியவர் மூன்றே காலுக்கு வந்தார். கூடவே ஃபைலைச் சுமந்துகொண்டு உதவியாளர். கண்காணிப்பாளர் வேர்த்து விறுவிறுத்து நாற்காலியில் விழுந்தார். மேசையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டு கேள்வி கேட்டார். சொன்னேன். உதவியாளர் டிக் போட்டார். அதோடு எழுந்து போயிருக்கலாம். என் மனைவி தண்ணீர் கொடுத்ததும் அவருக்கு மனசு திறந்துவிட்டது.

"பதினேழாம் நம்பர் பஸ்ஸுங்க. ரெண்டு பத்துன்னு போர்டுல எழுதி வச்சிருக்கான். நான் ஓடி வர்றதைப் பார்த்துக்கிட்டே ரெண்டு ஆறுக்கு எடுத்துட்டுப் போறான். இதுக்கெல்லாம் ஒரு கேஸ் போட முடியாதா?"

எந்த ஓட்டுநர் என்று எனக்குத் தெரியும். டிப்போவில் அவருக்கு 'நாலு நிமிஷம்' என்றே பெயர். எப்போதும் நாலு நிமிடம் முன்னால் எடுத்துவிடுவார். எங்கள் தொழிலில் தாமதமாக எடுப்பது தவறு, முன்னால் எடுப்பது குற்றம். அவர் மேல் நானே மூன்று தடவை சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். நான்காவது தடவை எழுதினால் விசாரணை.

அதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். சட்டக் கேள்வி என்று ஒருவர் வாய் திறந்து என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கால அட்டவணை என்பது வாக்குறுதியா, வெறும் அறிவிப்பா, டிக்கெட் வாங்குவதற்கு முன் ஒப்பந்தம் உண்டாகுமா, நஷ்டத்தை எப்படி நிரூபிப்பது என்று கால் மணி நேரம் விளக்கினேன். கண்காணிப்பாளர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நன்றாகப் புரிந்தது என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உதவியாளரிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஒப்பந்தம் எத்தனாவது அத்தியாயம்?"

"ஒன்பது சார்."

"இன்னைக்குத் திட்டப்படி?"

"மூணு சார்."

உதவியாளர் ஃபைலைத் திறந்து எழுதிக்கொண்டார். நோட்டீஸ் ஐந்து நாளில் வந்தது. குற்றச்சாட்டு: அனுமதிக்கப்பட்ட நேரத்துக்கு முன்பாகவே ஐந்து முதல் ஒன்பது வரையுள்ள அத்தியாயங்களை அறிந்துகொண்டமை. கையெழுத்து, கண்காணிப்பாளர். விசாரணை அதிகாரி, அதே கண்காணிப்பாளர்.

விசாரணை அறை என்பது அவருடைய அறைதான். மேசையை மட்டும் திருப்பிப் போட்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் அவர் என்னை முன்பின் பார்த்தறியாதவர் போலப் பெயர், வயது, தொழில் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"உங்க சார்பா பேச யாராவது வந்திருக்காங்களா?"

பதினோரு வருடம் கழித்தும் நான் திரும்பிப் பார்த்தேன். இந்தத் தடவை நாற்காலிகூட இல்லை. மேசையைத் திருப்பும்போது இடம் போதாமல் வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

கண்காணிப்பாளர் தன் உரையைத் தொடங்கினார்.

"நாங்க யாரையும் படிக்கக் கூடாதுன்னு சொல்லலை. ஒழுங்கில்லாம படிக்கக் கூடாதுன்னுதான் சொல்றோம். போன வருஷம் எங்க பிரிவு நானூத்திப் பன்னெண்டு திட்டத்துக்கு அனுமதி குடுத்துச்சு. நானூத்திப் பத்துப் பேர் திட்டத்துல ஒரு வரி விலகாம கடைசி வரைக்கும் நடந்துக்கிட்டாங்க. தேர்வுல பாஸானது ரெண்டு பேர். அந்த ரெண்டு பேரும் திட்டத்தை மீறினவங்க. அவங்க மேல அப்பவே நடவடிக்கை எடுத்தாச்சு. இதைவிட நேர்மையா ஒரு பிரிவு நடக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க."

உதவியாளர் மேசையைத் தட்டினார். நான் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"சார், புகார் எழுதினது நீங்க. விசாரிக்கிறதும் நீங்க. புகார் சொன்னவரே தீர்ப்புச் சொல்லக் கூடாது. இது அடிப்படை நியாயம்."

கண்காணிப்பாளர் முகம் மாறியதைப் பார்த்து, ஆள் அசந்துவிட்டார் என்றே நினைத்தேன். எனக்குள் அப்படி ஒரு சந்தோஷம். அவர் மேசை மேலிருந்த பாடப் புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"ஏழாம் அத்தியாயம்" என்றார் உதவியாளரிடம். "பக்கம் இருநூத்திப் பதினொண்ணு. எதிர்த்தரப்பு தானாகவே ஒத்துக்கிட்டார்னு எழுதிக்கோங்க."

உத்தரவு அன்றே வந்தது. ஐந்து முதலான அத்தியாயங்களை நான் படிக்காதவனாகக் கருத வேண்டும். என் ஹால் டிக்கெட்டின் குறுக்கே ஊதா மையில் ஒரு முத்திரை: 'நான்காம் அத்தியாயம் வரை மட்டும்.' அதற்கு மேற்பட்டு எதையாவது தெரிந்துகொண்டு விடையளித்தால் தாள் செல்லாது. மொத்தம் நூற்றைம்பது கேள்வி. முதல் நான்கு அத்தியாயத்தில் நாற்பத்தெட்டு வரும். தேறுவதற்கு எழுபத்தைந்து வேண்டும். இரண்டாம் வகுப்புக் கணக்கு இது, யாருக்கும் புரியும்.

"அப்புறம் எதுக்குங்க போறீங்க?" என்றாள் மனைவி. கேட்டுவிட்டு அவளே பேனாவில் மை இருக்கிறதா என்று கிறுக்கிப் பார்த்துப் பையில் வைத்தாள். மிச்சமிருந்த மூன்று அத்தியாயத்தையும் நான் டிப்போவில் முடித்திருந்தது அவளுக்குத் தெரியும்.

தேர்வு அறையில் மேற்பார்வையாளர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஆள் பற்றாக்குறையாம். ஊதாக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். நான் நாற்பத்தெட்டை முடித்துவிட்டுப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்பத்தெட்டாம் கேள்வி: 'ஒரு புகாரைக் கொடுத்தவரே அதை விசாரித்துத் தீர்ப்பளிக்கலாமா?' நான்கு விடை கொடுத்திருந்தார்கள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மற்றதெல்லாம் போனாலும் போகட்டும், இதை விட மாட்டேன் என்று வட்டத்தைக் கறுப்பாக நிரப்பினேன். தலையை நிமிர்த்தினால் அவர் பக்கத்தில் நிற்கிறார்.

"இது உங்களுக்குத் தெரியாதே?" என்றார்.

அந்த நொடி எனக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை. "தெரியாதுங்க சார். குத்துமதிப்பா போட்டேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். நின்றபடியே நெடுநேரம் படித்தார். தெரிந்து எழுதினால் செல்லாது என்று இருந்தது. தெரியாமல் எழுதக் கூடாது என்று எங்கும் இல்லை. முப்பத்தொன்றாம் விதி தோராயமாக விடை குறிப்பதை வெளிப்படையாகவே அனுமதித்திருந்தது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. விதி இருக்கிறது என்று தெரிந்தால் அவருக்கு அது போதும்.

"குத்துமதிப்புன்னா சரி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மிச்ச நூற்று இரண்டு கேள்விக்கும் குத்துமதிப்பாகப் போட்டேன். மணி அடித்ததும் ஒரு படிவம் கொடுத்தார்கள். குத்துமதிப்பாகப் போட்ட ஒவ்வொரு கேள்வியின் எண்ணையும் எழுதி, கீழே உறுதிமொழி: 'மேற்கண்ட விஷயங்களில் எனக்கு எந்தச் சட்ட அறிவும் இல்லையென உளமாரக் கூறுகிறேன்.' சட்டம் படிக்கப் போகிறவன் போடுகிற முதல் கையெழுத்து, முதல் பொய். போட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அது எனக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல டிப்போ. பதினேழாம் நம்பர், 6.20 வண்டி. கடிகாரத்தில் 6.16 ஆகும்போது ஓட்டையில் 'நாலு நிமிஷம்' தலை தெரிந்தது. ட்ரிப் ஷீட்டை நீட்டினார். நான் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். நான்காவது தடவை. மூன்று தடவை அவர் மேல் எழுதியிருக்கிறேன், ஏன் என்று ஒரு நாள் கேட்டதில்லை. காரணத்தின் காரணம் வரைக்கும் எழுதி நொந்து போனவன் நான், எனக்கும் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். அன்றுதான் கேட்டேன்.

"ரயில்வே கேட் சார்" என்றார். "ஆறு இருபதுக்கு எடுத்தா கேட்ல மாட்டிக்குவோம். உள்ள மில்லுக்குப் போற பொம்பளைங்க முப்பது பேர் உட்கார்ந்திருக்காங்க. ஏழு மணிக்கு மில் கேட்டைச் சாத்திட்டா அன்னைக்கு வேலை இல்லைன்னு திருப்பி அனுப்பிடுவான். காலையில யாரையும் விட்டுட்டுப் போறதில்லை, எல்லாரும் ஆறு பத்துக்கே ஏறிடுவாங்க. மத்தியானமும் அதே கேட்தான், அப்பதான் எப்பவாவது யாராவது ஓடி வந்து ஏமாந்து போவாங்க, பாவம்."

அந்தப் பாவத்தை எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்லவில்லை. இதை மேலே எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். எழுதிக் கொடுத்ததாகவும், ரயில் நேரத்தை மாற்றுவது தங்கள் துறை இல்லை என்று பதில் வந்ததாகவும் சொன்னார். சிவப்புப் பேனாவை மூடினேன். நீல மையில், காரணம் என்கிற இடத்தில் எழுதினேன்: 'ஓட்டுநர் கடிகாரம் பார்க்கவில்லை. குத்துமதிப்பாகப் புறப்பட்டார்.' எங்கள் விதிப் புத்தகத்திலும் அதற்குத் தடை இல்லை, அங்கேயே புரட்டிப் பார்த்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் தேர்வு முடிவு வந்தது. முடிவு என்று சொல்ல முடியாது. என் எண்ணுக்கு நேரே 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று இருந்தது. கூடவே மேற்பார்வைப் பிரிவின் கடிதம். நூற்று இரண்டு குத்துமதிப்பில் தொண்ணூற்று நான்கு சரியாக இருக்கிறது. இவ்வளவு சரியாகத் தெரியாமலிருப்பது சந்தேகத்துக்கு இடமளிக்கிறது. ஆகவே விசாரணை, வரும் செவ்வாய், காலை பத்து மணி. அடுத்த மாதம் எனக்கு நாற்பத்தைந்து முடிகிறது. விசாரணை அதிகாரியின் பெயரைப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை, உறையின் மேல் ஊதா விரல் தடம் இருந்தது.

கடிதத்தை டைம் ஆபீஸ் மேசையில் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். ஓட்டை வழியாக 'நாலு நிமிஷம்' அதைப் படித்துவிட்டார். தலைகீழாகவே படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்: 'தங்கள் சார்பில் பேச விரும்பும் நபர் எவரேனும் இருப்பின் உடன் அழைத்து வரலாம்.'

"யாரு சார் வர்றாங்க?"

யாரும் இல்லை என்றேன்.

"எனக்குச் சட்டமெல்லாம் தெரியாது" என்றார் அவர். "ஆனா செவ்வாக்கிழமை எனக்கு லீவு. நான் வந்து பேசறேன். பத்து மணிக்குத்தானே? ஒன்பது அம்பத்தாறுக்கே போயிடலாம், நாற்காலி கிடைக்கும்."